ஜியோலைட் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது?

மாட்டுத் தொழுவத்தைக் கழுவிவிடும் நீரில் சாணமும் சிறுநீரும் கலந்திருக்கும். சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியாவாக மாறுகிறது. தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி இதுதான். இந்த நீர் வயலுக்குப் போனால் தழைச்சத்து. மீன் குட்டைக்குள் இறங்கினால் நஞ்சு.

தண்ணீரில் இது இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் மீனுக்கு அதிகத் தீங்கு செய்யாது. அம்மோனியாவோ செவுள் வழியே புகுந்து மீனைக் கொல்லும். 30 டிகிரி வெப்பமுள்ள நீரில், கார அமில நிலை 7 ஆக இருந்தால் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. 8 ஆனால் சுமார் 7 பங்கு. 9 ஆனால் சுமார் 45 பங்கு. பாசி அடர்ந்த குட்டையில் பிற்பகலில் கார நிலை ஏறுவதால், அப்போதுதான் ஆபத்து அதிகம்.

ஜியோலைட் செயல்படும் விதம்

ஜியோலைட் ஒரு கனிமம். சூடாக்கினால் நீராவி விட்டுப் பொங்குவதைக் கண்ட ஸ்வீடன் நாட்டு அறிஞர் கிரான்ஸ்டெட், 1756-ல் 'கொதிக்கும் கல்' என்னும் பொருளில் இப்பெயரை இட்டார். இதில் பல வகைகள் உண்டு. எரிமலைச் சாம்பலிலிருந்து உருவாகும் கிளினாப்டிலோலைட் என்ற வகையே அம்மோனியத்தை நன்கு பிடிக்கும். இதன் நுண்ணிய அறைகளில் சோடியம், கால்சியம் முதலியவை தளர்வாக ஒட்டியிருக்கும். அம்மோனியம் வந்ததும் அவை இடம்விட்டு வெளியேறும். அமெரிக்காவில் 1970-களிலேயே நகரக் கழிவுநீரை இம்முறையில் சுத்திகரித்தார்கள்.

பயன்படுத்தும் முறை

தொழுவ நீரை முதலில் ஒரு தொட்டியில் தேக்கிச் சாணத்தைப் படியவிட வேண்டும். பிறகு அடியில் சரளைக் கல்லும் மேலே ஜியோலைட்டும் நிரப்பிய பீப்பாயின் வழியே மெதுவாக வடிக்க வேண்டும். குருணை வடிவமே ஏற்றது, தூள் அடைத்துக்கொள்ளும். வெளிவரும் நீரை, மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் அம்மோனியா சோதனைப் பெட்டியால் அவ்வப்போது பார்க்க வேண்டும். அளவு ஏறத் தொடங்கினால் குருணை நிறைந்துவிட்டது என்று பொருள். அதை எருக்குழியில் சேர்த்து வயலில் இடலாம். பிடித்துவைத்த தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் அது சிறுகச் சிறுக விடும்.

உப்புநீரில் வேண்டாம்

நிறைந்த ஜியோலைட்டை உப்புக் கரைசலில் ஊறவைத்தால், சோடியம் உள்ளே புகுந்து அம்மோனியத்தை வெளியே தள்ளிவிடும். தொழிற்சாலைகளில் இப்படித்தான் அதைப் புதுப்பிக்கிறார்கள். இதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. எனவே உப்பு மிகுந்த இறால் குட்டையில் அம்மோனியாவைக் குறைக்க ஜியோலைட் தூவுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதேயாகும். உப்பில் புதுப்பித்ததை வயலில் இடுவதும் கூடாது; அதிலுள்ள சோடியம் மண்ணைக் கெடுக்கும்.

நன்னீர்க் குட்டையிலும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குட்டையில் சுமார் 40 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் அம்மோனியம் தழைச்சத்து இருந்தால், மொத்தம் 4 கிலோ. ஒரு கிலோ ஜியோலைட் 5 கிராம் பிடிப்பதாக வைத்துக்கொண்டால் 800 கிலோ தேவைப்படும். 25 கிலோ மூட்டை ஒன்று 125 கிராமையே பிடிக்கும். ஆகவே குட்டை முழுதும் தூவுவதைவிட, கழிவுநீர் குட்டைக்குள் நுழையும் முன்பே வடிகட்டுவதுதான் பயன் தரும்.

வாங்குமுன் சோதனை

ஒரு லிட்டர் தெளிந்த தொழுவ நீரில் நல்ல தண்ணீர் கலந்து, சோதனைப் பெட்டி காட்டக்கூடிய அளவுக்கு நீர்க்கச் செய்து, அம்மோனியாவின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின் அதில் ஒரு லிட்டருக்கு 10 கிராம் ஜியோலைட் இட்டு, அடிக்கடி கலக்கி, மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும். அளவு தெளிவாக இறங்காவிட்டால் அந்தச் சரக்கை வாங்க வேண்டாம்.

தீவனப்புல் பயிரிட்டுள்ளவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. தொழுவ நீரைப் பாசன நீருடன் கலந்து புல்லுக்குப் பாய்ச்சினால் போதும். நீரை வேறெங்கும் விட வழியின்றி, அது குட்டையிலோ ஓடையிலோ சேரும் இடத்தில்தான் ஜியோலைட் தேவைப்படும்.