கம்பளிச் சுவெற்றரும் சலவைத்தூளும்

புலம்பெயர்ந்து வந்த முதற் குளிர்காலத்தில் நம்மில் பலருடைய வீட்டில் நடந்த கதை இது. அம்மாவின் கம்பளிச் சுவெற்றரை மற்ற உடுப்புகளோடு இயந்திரத்தில் போட்டோம். எடுத்தபோது அது ஐந்து வயதுப் பிள்ளைக்கு அளவாகச் சுருங்கி, தடித்துப் போயிருந்தது. வெந்நீரும் சுழற்சியும் மட்டும் காரணமல்ல. நாம் போட்ட தூளுக்கும் அதில் பங்குண்டு.

ஊரில் கிணற்றடியில் தோய்த்தவை பெரும்பாலும் பருத்தி உடுப்புகள். பருத்தி தாவர நார். சவர்க்காரத்தின் காரத்தையும் கொதிநீரையும் கல்லில் அடிப்பதையும் தாங்கும். கம்பளி செம்மறியாட்டின் மயிர். நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது.

இரத்தம், முட்டை, பால் ஆகிய புரதக் கறைகளை நீக்குவதற்காக, சாதாரண சலவைப் பொருட்கள் பலவற்றில் புரதத்தை உடைக்கும் நொதியங்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றுக்கு முட்டைக் கறையும் கம்பளி நூலும் ஒன்றுதான். ஒருமுறை தோய்த்தால் எதுவும் தெரியாது. பலமுறை தோய்க்கும்போது நூல் மெலிந்து ஓட்டை விழும். பூச்சி அரித்ததென்று நினைத்துக்கொள்வோம்.

அடுத்தது காரம். தூள் கரைந்த நீரின் பி.எச். அளவு பெரும்பாலும் 10 ஐ ஒட்டியிருக்கும். காரம் கம்பளி இழையைப் பலவீனமாக்கும். இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் சூட்டிலும் உரசலிலும் ஒன்றோடொன்று கொழுவிக்கொள்ளும். அப்படிச் சுருங்கியதை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பிரித்தானியாவில் 'நொன்-பயோ' என்று விற்பவற்றில் நொதியம் இல்லை. ஆனால் அந்தத் தூளிலும் காரமும் வெளிற்றியும் இருக்கலாம். ஆகவே அது கம்பளிக்கு ஏற்றதென்று எண்ணக்கூடாது. 'இயந்திரத்தில் தோய்க்கலாம்' என்ற லேபல் உள்ள கம்பளி சுருங்காதபடி பதப்படுத்தப்பட்டது. நொதியத்திலிருந்து அதற்கும் பாதுகாப்பில்லை.

கம்பளிக்கென்று விற்கும் நொதியமற்ற திரவத்தை வாங்குவோம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நொதியம் இருந்தால் பொதியில் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். வேறெதுவும் இல்லாதபோது சிறிதளவு குழந்தைகளுக்கான சம்பூ போதும். குளிர்ந்த அல்லது இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி அலசுவோம். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, தட்டையாக விரித்துக் காயவிடுவோம்.

பட்டும் புரதம்தான். அலுமாரியில் இருக்கும் கூறைச்சேலைக்கும் அந்தத் தூள் ஆகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த சேலையையும் இங்கே முதல் குளிரைத் தாங்கிய சுவெற்றரையும் பிள்ளைகளிடம் முழுதாகக் கொடுக்க வேண்டுமானால், பொதியின் பின்பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டே தோய்ப்போம்.