திரையும் மண்டபமும்

“பெண்களுக்கெனத் தனியே ஒரு நூதனசாலை எதற்கு?” என்னும் வினா, கலையைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் பேச்செழும் அவைகளிற் பலகால் கேட்கப்படுவது. அவ்வாறு கேட்போர் எல்லோரையும் பெண்மக்களின் பகைவரென ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. அவர்கள் கூறும் நியாயம் வலிமையுடையது. திறமைக்கு ஆண்பால், பெண்பால் இல்லை; நல்ல ஓவியம் எவர் தீட்டினும் நல்ல ஓவியமே; தொழிலுக்கு ஆள் தெரியுமிடத்தும் தகுதியொன்றையே நோக்குதல் வேண்டும்; பாலைச் சுட்டி மண்டபம் கட்டுவது பெண்ணின் ஆக்கத்துக்குச் சலுகைப் புள்ளி இடுவதாகவே முடியும் என்பர். பெண் கலைஞருள்ளும் இவ்வாறு எண்ணியோர் உளர். 1943இல் பெகி குகன்ஹைம் நியூயோர்க் நகரிற் பெண்களின் ஆக்கங்களுக்கென ஒரு கண்காட்சி நடத்தியபோது, ஜோர்ஜியா ஓகீஃப் அதிற் பங்குபற்ற மறுத்துவிட்டார். ஓவியர் என்று அழைக்கப்படவே அவர் விரும்பினார். பெண் ஓவியர் என்றன்று.

தகுதியே அளவுகோல் என்னும் கொள்கையை நானும் ஏற்கிறேன். ஆயின், அக்கொள்கையை ஏற்ற அளவிலே வேறொரு வினா எழுகின்றது: தகுதி தானாகவே கண்ணுக்குப் புலப்படுமா?

ஒல்லாந்து நாட்டின் ஹார்லெம் நகரில் 1609இற் பிறந்தவர் ஜூடித் லைஸ்டர். ஆண்களே நிறைந்திருந்த அந்நகர ஓவியர் சங்கத்தில் 1633இல் அவர் உறுப்பினரானார். 1648இல் வெளிவந்த ஹார்லெம் நகர வரலாறு அவரைப் புகழ்ந்து குறிப்பிடுகின்றது. அவருடைய குடும்பப் பெயருக்கு வழிகாட்டும் விண்மீன் என்பது பொருள். அதனால் தம் பெயரின் முதலெழுத்துக்களுடன் ஒரு விண்மீனையும் பொறித்தே படங்களிற் கையொப்பமிட்டார். 1660இல் அவர் இறந்தார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர் பெயரைச் சொல்வார் இல்லை. படங்கள் மட்டும் அழியவில்லை. அவற்றுட் பல, அவர் காலத்துப் பேரோவியர் பிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தவையெனக் கைமாறின. 1893இல், அவ்வாறு விற்கப்பட்ட ஒரு படத்திலே ஹால்ஸின் பெயருக்குரிய போலிக் கையொப்பத்தின் கீழ் அந்த விண்மீன் வெளிப்பட்டது. இலண்டன் வணிகரிடையே வழக்கு மூண்டது. இறுதியிற் படத்தின் விலையைக் குறைத்துச் சமாதானமாயினர். படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. ஒரு நிறமும் மங்கவில்லை. மாறியது பெயரொன்றே.

அறியப்படாத ஆடவர் ஒருவரின் படமாயிருப்பினும் விலை இறங்கியே இருக்கும் என ஒருவர் மறுக்கலாம். மெய்தான். ஆனால், வாழுங் காலத்திற் புகழப்பட்ட ஒருவர் அறியப்படாதவர் ஆனது எவ்வாறு என்பதே கேள்வி. அவருடைய கைத்திறன் கண்டோர் கண்ணை எப்பொழுதும் கவர்ந்தே வந்திருக்கின்றது. அதனை ஒரு பெண்ணின் கைத்திறன் என்று எண்ணிப் பார்க்கவே எவருக்கும் தோன்றவில்லை.

இது பழங்கதை என்று தள்ளுவோருக்கு அண்மைக் காலத்துச் செய்தியொன்றையும் கூறலாம். 1980இல் ஜேர்மனியின் மியூனிக் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு, டிரொம்போன் என்னும் பித்தளை ஊதுகருவிக்கு முதன்மைக் கலைஞர் ஒருவரைத் தேடிற்று. விண்ணப்பித்தோருள் ஒருவர் அமெரிக்கப் பெண்ணான ஆபி கோனன்ற். தேர்வுக்கு வருமாறு அவருக்கு வந்த கடிதத்தில் ‘திரு’ என்றே விளிக்கப்பட்டிருந்தது. தேர்வு திரைக்குப் பின்னால் நடந்தது. முப்பத்துமூவருள் அவரே வென்றார். திரை விலகியதும் வியப்பு; வியப்புக்குப் பின் ஐயம். 1982இல் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டார். முதன்மை வாசிப்புக்கு வேண்டிய உடல்வலு அவரிடம் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். மூச்சின் ஆற்றலை மருத்துவர் முன் அளந்து காட்டியும் வழக்கு ஓயவில்லை. பதவிக்கும் சமசம்பளத்துக்குமாக 1993 வரை போராடியே அவர் வெற்றி பெற்றார். திரைக்கு அப்பாலிருந்து கேட்ட காதுகள் நேர்மையாகத் தீர்ப்பளித்தன. கண்கள் வந்தபின்னரே தீர்ப்பு மாறியது.

ஐக்கிய அமெரிக்காவின் தலைசிறந்த ஐந்து வாத்தியக் குழுக்களில் 1970இல் நூற்றுக்கு 6 பேராக இருந்த பெண்கள், 1993இல் 21 பேராயினர். இடைக்காலத்தில் அங்கே திரைத் தேர்வு பரவியிருந்தது. திரை ஒன்றே காரணமெனச் சொல்லமாட்டேன். இசைக் கல்லூரிகளிற் பயின்று வெளிவந்த பெண்களின் தொகையும் அக்காலத்தில் உயர்ந்தது. எனினும், தகுதியையே நாடுவோர் தம் கண்ணையும் சற்றே ஐயுறல் வேண்டும் என்பதை அத்திரை உணர்த்திற்று.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றலாம். திரை பெயரை மறைக்கின்றது. பெண்கள் நூதனசாலையோ பெயரை உரக்கச் சொல்கின்றது. ஒன்று சரியெனின் மற்றது எவ்வாறு சரியாகும்? என் எண்ணத்தில் இரண்டும் ஒரே பிழைக்கு இரு மருந்துகள். தெரிவு செய்யும் வேளையிற் பெயர் நம்மை மயக்குகின்றது. ஆதலால் மறைத்தல் நன்று. ஆக்கம் முடிந்தபின் பெயர் களவு போகின்றது. ஆதலால் மீட்டுக் கொடுத்தல் கடன். கடந்துபோன காலத்துக்குத் திரை கட்ட எவராலும் இயலாது.

ஜேர்மனியின் பொன் நகரில் 1981இல் மரியானா பிற்சன் பெண்கள் நூதனசாலையொன்றைத் தொடக்கினார். வாஷிங்டனில் ஹொலடே தம்பதியரின் முயற்சியால் உருவான கலைப் பெண்டிர் தேசிய நூதனசாலை 1987இற் கதவு திறந்தது. கிளாரா பீற்றர்ஸ் என்னும் பழைய ஓவியரின் படங்களை ஐரோப்பாவிற் கண்டு வியந்த அத்தம்பதியர், அவரைப் பற்றி அறியக் கலை வரலாற்று நூல்களைத் தேடினர். பல்கலைக்கழகங்களிற் பெரிதும் பயிலப்பட்ட ஜான்சனின் கலை வரலாறு 1962இல் வெளிவந்தபோது, அதிற் பெண் ஓவியர் ஒருவர்தானும் இடம்பெறவில்லை. அந்த வெற்றிடமே மண்டபத்துக்கு அத்திவாரமாயிற்று.

ஆயினும், பெண் வரைந்தது என்பதற்காகவே எதனையும் போற்றும் மண்டபம் தன் நோக்கத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும். அங்கே புகழ்மாலையிலும் சான்றே மிகுதியாக வேண்டும். யார் எங்கே பயின்றார், எந்தக் கதவு எவ்வளவு காலம் அடைத்திருந்தது என்பனவும் காட்டப்படல் வேண்டும். இலண்டன் அரச கலைக்கழகம் மனித உடலை நேரிற் பார்த்து வரையும் வகுப்பைப் பெண் மாணவருக்கு 1893 வரை மறுத்து வந்தது. இதனை அறியாதவர், பெண்கள் ஏன் பெரும் வரலாற்றுச் சித்திரங்களை வரையவில்லை என்று கேட்பார். அறிந்தவர் அந்த வினாவை வேறு விதமாகக் கேட்பார்.

ஜூடித் லைஸ்டரின் இசைக்குழுச் சித்திரம் இன்று வாஷிங்டன் பெண்கள் நூதனசாலையின் உடைமை. முன்னர் ஹால்ஸின் பெயரில் வழங்கிய அவருடைய தன்னுருவச் சித்திரமோ, அதே நகரில், ஆண் பெண் பேதமின்றி எல்லாருக்கும் பொதுவான தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றது. ஓகீஃப் விரும்பியது இரண்டாவது இடத்தையே. அது நியாயமான விருப்பம். ஆனால், பொதுக்கூடத்தில் அப்படத்தின் கீழ் இன்று சரியான பெயர் எழுதப்பட்டிருப்பது, அந்தச் சிறு விண்மீனை எவரோ பெயர் சொல்லித் தேடியதன் பயனன்றோ?