மீட்கப்பட்ட சிறாருக்கான கல்வி ஆதரவு (இந்தியா)

மீட்கப்பட்ட சிறாருக்கான கல்வி ஆதரவு என்பது ஆள் கடத்தல், கொத்தடிமை வேலை, பாலியல் சுரண்டல், வன்கொடுமை ஆகியவற்றிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர் சிறுமியரின் படிப்புக்கும், அப்படிப்பு தடைபடாமல் இருக்க வேண்டிய பிற தேவைகளுக்கும் அரசோ தனியாரோ குறிப்பிட்ட காலத்துக்குத் தொடர்ந்து வழங்கும் உதவி ஆகும். பேச்சு வழக்கில் இதைக் "குழந்தையைத் தத்தெடுத்துப் படிக்க வைத்தல்" என்று சொல்வதுண்டு. இது பிழையான வழக்கு. தத்தெடுப்பில் பெற்றோர் உரிமை சட்டப்படி கைமாறுகிறது. கல்வி ஆதரவில் அவ்வாறு எதுவும் நிகழ்வதில்லை. பணம் கொடுப்பவருக்குக் குழந்தையின் மீது எவ்வித உரிமையும் உண்டாவதில்லை.

சட்டப் பின்னணி

இந்திய அரசியலமைப்பின் 23 ஆவது உறுப்பு ஆள் வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1989 இல் நிறைவேறிய ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992 இல் இணைந்தது. அதன் 39 ஆவது உறுப்பு, சுரண்டலுக்கு ஆளான குழந்தை உடலாலும் மனத்தாலும் மீண்டு மறுபடியும் சமூகத்தில் இணைய அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. 2002 இல் செய்யப்பட்ட 86 ஆவது திருத்தத்தின் வழி 6 முதல் 14 அகவை வரையிலான கல்வி அடிப்படை உரிமை ஆனது. அதனை நடைமுறைப்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் செயலில் உள்ளது.

இத்துறையில் நேரடியாகப் பேசும் சட்டம் 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் ஆகும். இது நிதி ஆதரவைக் குழந்தையின் மருத்துவ, கல்வி, வளர்ச்சித் தேவைகளுக்காகக் குடும்பத்துக்கு அளிக்கப்படும் துணை உதவி என வரையறுக்கிறது. "குடும்பத்துக்கு" என்ற சொல் கவனிக்கத்தக்கது. குழந்தையை இல்லத்தில் வைத்துப் படிக்க வைப்பதைக் காட்டிலும் வீட்டிலேயே இருந்து படிக்க உதவுவது மேல் என்ற நோக்கு அதில் அடங்கியுள்ளது. 45 ஆவது பிரிவு தனி ஒருவர், குழு, சமூகம் எனப் பல வகை ஆதரவுகளுக்கு மாநில அரசுகள் விதிகள் வகுக்க வேண்டும் என்கிறது.

பள்ளி இலவசம் எனில் பணம் எதற்கு?

அரசுப் பள்ளியில் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை. பாடநூலும் மதிய உணவும் கிடைக்கின்றன. ஆகவே ஆதரவுத் தொகை எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழுகிறது.

பீகாரின் கயை மாவட்டத்திலிருந்து ஜெய்ப்பூரின் அரக்கு வளையல் பட்டறைகளுக்குக் கொண்டு செல்லப்படும் சிறுவர்களின் நிலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். முகவர் பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துச் சிறுவனை அழைத்துச் செல்கிறார். பட்டறைகள் பெரும்பாலும் குடியிருப்பு வீடுகளின் அறைகளே. மீட்கப்பட்ட சிறுவன் இராசத்தானில் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, பின்னர் சொந்த மாவட்டக் குழுவிடம் ஒப்படைக்கப்படுகிறான். அவன் வீடு திரும்பும்போது முன்பணம் இன்னும் கடனாகவே நிற்கும். அவன் கொண்டுவந்த சிறு வருவாயும் நின்றுவிடும். முகவர் அதே ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருப்பதும் உண்டு. இந்நிலையில் சிறுவனைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் போதும் என்று எண்ணுவது நடைமுறை அறியாமை எனலாம். மாதந்தோறும் வரும் ஆதரவுத் தொகை முதலில் ஈடுசெய்வது அவனுடைய கூலியைத்தான். பேருந்துக் கட்டணம், குறிப்பேடு, தனிப்பயிற்சி, மருந்து ஆகியவை அதற்குப் பின்னரே வருகின்றன.

பணத்தால் மட்டும் தீராதவையும் உள்ளன. நெடுங்காலம் அச்சத்தில் வாழ்ந்த குழந்தைக்கு உறக்கமின்மை, கவனச் சிதறல், திடீர்ச் சினம், பேச மறுத்தல் ஆகியவை ஏற்படுகின்றன. வகுப்பறையில் இவை சோம்பலாகவும் அடங்காமையாகவும் தோற்றமளிக்கின்றன. ஆசிரியர் குரலை உயர்த்தினால் ஒடுங்கிப்போகும் குழந்தைக்குத் தண்டனை தருவது, படிப்பை விட்டு அதனைத் துரத்துவதற்கு ஒப்பாகும். எனவே உளவள ஆலோசனைக்கான செலவும் கல்விச் செலவே ஆகும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 4 ஆவது பிரிவின்படி, பள்ளிக்கே சென்றிராத குழந்தையையும் இடையில் நின்ற குழந்தையையும் அகவைக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும். 14 அகவை கடந்தாலும் தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை அது இலவசம். பிறப்புச் சான்றோ மாற்றுச் சான்றிதழோ இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது. எனினும் எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறும் 13 அகவைச் சிறுமி எட்டாம் வகுப்பில் அமரும்போது, அவளுக்கென ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் செலவிடாவிட்டால் அந்த இருக்கையால் பயன் இல்லை.

அரசுத் திட்டங்கள்

1988 இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், வேலையிலிருந்து மீட்கப்பட்ட சிறாருக்குச் சிறப்புப் பயிற்சி மையங்களை நடத்தியது. அங்கு வழங்கப்பட்ட உதவித்தொகை நெடுங்காலம் மாதம் 150 ரூபாயாக இருந்து, 2017 இல் 400 ரூபாய் ஆனது. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலிலிருந்து வந்த குழந்தைகள் இத்தகைய மையங்களில் பயின்றனர். 2021 இல் இத்திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

தற்போது முதன்மையானது மிஷன் வாத்சல்யா ஆகும். இதன் கீழ் ஒரு குழந்தைக்கு மாதம் 4000 ரூபாய் வழங்கப்படுகிறது. முந்தைய திட்டத்தில் இது 2000 ரூபாயாக இருந்தது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஊரகப் பகுதியில் 72,000 ரூபாய்க்கும், பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். கடத்தப்பட்டவர், வன்கொடுமைக்கு உள்ளானவர், குழந்தைத் தொழிலாளர், குழந்தைத் திருமணத்துக்கு உட்படுத்தப்பட்டவர் ஆகியோர் தகுதி பெறுவர். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியே ஒப்புதல் குழுவுக்குச் செல்கிறது. குழந்தை தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால் உதவி மறுபரிசீலனை செய்யப்படும். மேலே சொன்ன உளநிலைச் சிக்கல்களை நினைத்துப் பார்த்தால், உதவி மிகவும் தேவைப்படும் குழந்தையே இந்த விதியில் சிக்கக்கூடும் என்பது புரியும்.

கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 2016 ஆம் ஆண்டின் நடுவண் அரசுத் திட்டப்படி தனியே மறுவாழ்வுத் தொகை உண்டு. குழந்தைகளுக்கு இது 2 இலட்சம் ரூபாய். கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் 3 இலட்சம் ரூபாய். ஆனால் முழுத் தொகையைப் பெறுவது குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருந்தது. வழக்கு முடியும்வரை காத்திருந்தால் பள்ளிப் பருவம் கழிந்துவிடும் என்பதால், மாதாந்திர ஆதரவின் இடத்தை இத்தொகை நிரப்ப இயலாது.

தனியார் ஆதரவு

ஒரு குழந்தைக்கு ஒரு கொடையாளர் என்ற முறை முதல் உலகப் போருக்குப் பிந்திய ஐரோப்பாவில் உருவானது. 1919 இல் இங்கிலாந்தில் தோன்றிய சேவ் த சில்ட்ரன், எசுப்பானிய உள்நாட்டுப் போரின்போது 1937 இல் தோன்றிய பிளான், கொரியப் போர் அநாதைகளுக்காக 1952 இல் தோன்றிய கம்பேசன் ஆகியவை இதனைப் பரப்பின. இந்தியாவில் ஐதராபாத்தின் பிரஜ்வாலா (1996) பாலியல் தொழில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்களின் பிள்ளைகளுக்கான பள்ளியாகவே தன் பணியைத் தொடங்கியது. கைலாஷ் சத்யார்த்தியின் இயக்கம் இராசத்தானின் விராட்நகரில் நடத்தும் பால ஆசிரமத்தில் மீட்கப்பட்ட சிறுவர்கள் தங்கிப் பயில்கின்றனர்.

இம்முறையால் பயன் உண்டா என்பதை ஆராய்ந்த வைடிக், கிளூவே, ரட்லெட்ஜ் ஆகியோரின் ஆய்வு 2013 இல் வெளியானது. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில், கம்பேசன் அமைப்பின் ஆதரவு பெற்றோர் ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தனர். இது வறிய குழந்தைகளைப் பற்றிய ஆய்வே தவிர, கடத்தலிலிருந்து மீண்டவர்களைப் பற்றியது அன்று.

வெளிநாட்டுக் கொடையைச் சார்ந்திருத்தல் ஆபத்து உடையது. வெளிநாட்டு நிதி விதிகளின் கீழ் எழுந்த தடையால் கம்பேசன் 2017 இல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் ஆதரவில் இருந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கான உதவி நின்றது. 2020 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியைச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடை செய்தது.

அடையாள மறைப்பு

வழக்கமான ஆதரவு முறையில் கொடையாளருக்குக் குழந்தையின் ஒளிப்படமும் கடிதமும் வரும். மீட்கப்பட்ட குழந்தைக்கு இம்முறை பொருந்தாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆவது பிரிவு, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். கடத்தியவர் தேடிவரக்கூடும், ஊரார் அறிந்தால் அச்சிறுமியைப் பள்ளியிலேயே ஒதுக்கக்கூடும். இதனால் பொறுப்புள்ள அமைப்புகள் தனி ஒரு குழந்தைக்கு அன்றிப் பொது நிதிக்கே கொடை பெறுகின்றன. பெயரும் முகமும் தெரியாத குழந்தைக்குத் தொடர்ந்து கொடுப்பது பலருக்கும் எளிதாக இருப்பதில்லை.

துயரக் கதையைச் சொல்லி நிதி திரட்டுவதும் கண்டிக்கப்பட்டுள்ளது. கம்போடியாவில் மீட்புப் பணியால் உலகப் புகழ் பெற்ற சோமாலி மாம், தம் கதையிலும் பிறர் கதைகளிலும் புனைவு இருந்ததாக எழுந்த குற்றச்சாட்டை அடுத்து 2014 இல் தம் அறக்கட்டளையிலிருந்து விலகினார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். கதை உண்மையாகவே இருப்பினும், தனக்கு நேர்ந்ததைக் கொடையாளர் முன் திரும்பத் திரும்பச் சொல்லும் கடமை ஒரு குழந்தைக்கு இல்லை.

18 அகவைக்குப் பின்

அரசின் நிதி ஆதரவு 18 அகவையுடன் முடிகிறது. இரண்டாண்டுச் சிறப்புப் பயிற்சிக்குப் பின் 15 அகவையில் எட்டாம் வகுப்பில் சேரும் மாணவி 17 இல் பத்தாம் வகுப்பையும் 19 இல் பன்னிரண்டாம் வகுப்பையும் எட்டுவாள். அதாவது மேல்நிலைப் படிப்பின் நடுவில் பணம் நின்றுவிடும். இல்லங்களில் வளர்ந்து வெளியேறுவோருக்கு 21 அகவை வரை, சில நேர்வுகளில் 23 வரை, பிற்காப்பு உதவி உண்டு. ஆனால் 46 ஆவது பிரிவு அதனை இல்லத்திலிருந்து வெளியேறுவோருக்கே வழங்குகிறது. வீட்டில் இருந்து படித்தவருக்கு அது கிடைப்பதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் உச்ச அகவை வரம்பு இல்லாததால் இத்தகையோர் அங்கே தேர்வு எழுதலாம். இந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான செலவையே தனியார் கொடையாளர்கள் ஏற்பது மிகவும் தேவைப்படுகிறது.