சபையில் விழும் சொல்

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடொன்றில் முன்பின் அறியாத இருவர் அருகருகே இருக்க நேர்ந்தால், அவர்களிடையே எழும் முதற் கேள்வி பெரும்பாலும் பெயரைப் பற்றியதன்று. "தம்பி எவ்விடம்?" என்பதே முதற் கேள்வி. ஊரின் பெயரைச் சொன்னால், "ஊரிலை எந்தப் பக்கம்?" என்பது அடுத்தது. அதற்கும் விடை கிடைத்தபின், "எந்தக் கோயிலடி?" என்று மூன்றாவது வரும். கேட்பவர் பூகோளம் பயிலும் ஆசையாற் கேட்கிறார் அல்லர் என்பது இருவருக்கும் தெரியும். சாதி என்ற சொல் ஒரு தடவையேனும் உச்சரிக்கப்படாமலே விசாரணை முடிந்துவிடும். "எங்கட ஆக்கள்தான்" என்ற திருப்தியோடு பேச்சு ஏனைய விஷயங்களுக்குச் செல்லும். அல்லது, மிக்க நாகரிகத்தோடு, அங்கேயே நின்றுவிடும்.

இத்தகைய பேச்சின் நடுவேதான் அந்தச் சொல் விழுகிறது. அது வசையாக வருவது அபூர்வம். பழமொழியாக வரும், பகிடியாக வரும், சில வேளைகளிற் பாராட்டாகவுங்கூட வரும். "அந்தப் பகுதியிலை பிறந்தும் பொடியன் எவ்வளவு துப்புரவு!" என்று ஒரு பெரியவர் வியக்கிறார். சுற்றியிருப்போர் தலையசைக்கின்றனர். ஒருவருக்கு மட்டும் நெஞ்சில் முள் தைத்தாற் போலிருக்கிறது. பேசுவதா, விடுவதா? பந்தியில் இலை போட்டாயிற்று. பெரியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. யோசித்து முடிப்பதற்குள் பாயசமும் வந்துவிடுகிறது.

இது அற்பமான சங்கடம் என்று சிலர் கருதக்கூடும். பெரிய போராட்டங்களைக் கண்ட சமூகம் எமது சமூகம். 1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கம் தீண்டாமையைக் கண்டித்தது. 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் அதனையே இங்கும் வலியுறுத்திப் பேசினார். நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளுக்கு வாங்கிலே சம ஆசனம் வழங்கியமைக்காகப் பாடசாலைகள் தீயிடப்பட்ட காலமும் இருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கடை, உணவுச்சாலை, பாடசாலை, ஆலயம் ஆகியவற்றின் வாசலிற் சாதியைக் காட்டி மறிப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டிலே கிடக்க, 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் மக்கள் ஊர்வலமாக எழுந்தனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன்றிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. தேநீர்க் கடைகளிற் சிலருக்கெனத் தனியே வைக்கப்பட்டிருந்த போத்தலும் சிரட்டையும் அகன்றன என்றால், அவை தாமாக அகலவில்லை. அடிபட்டவர்களும் உயிர் கொடுத்தவர்களும் அகற்றினார்கள்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசலும் போத்தலும் கண்ணுக்குத் தெரிந்தன. "இந்தப் பேணியை இங்கே வைக்காதே" என்று சுட்டிக்காட்ட முடிந்தது. வீட்டு விறாந்தையிலே நாலு கதிரைகளைப் போட்டுக்கொண்டு பேசும் பேச்சுக்குச் சுவருமில்லை, கதவுமில்லை. அங்கே சட்டம் வருவதில்லை, ஊர்வலமும் வருவதில்லை. அங்கே இருப்பவர் கேட்டவர் மட்டுமே.

எமது யாழ்ப்பாணத் தமிழில் ஏற்றத்தாழ்வு முதலிற் குடியிருப்பது வசைச் சொற்களில் அன்று, முன்னிலைப் பெயர்களில். நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளை வைத்துக்கொண்டு நாம் மனிதரை நிறுத்துப் பார்க்கிறோம். எழுபது வயதான ஒருவர் வேலி அடைக்க வந்து படலையடியில் நிற்கிறார். வீட்டுக்குச் சொந்தக்காரரின் பேரன், பத்து வயதுச் சிறுவன், அவரைப் பெயர் சொல்லி "வா" என்கிறான். அவரோ சிறுவனைத் "தம்பி" என்று வாஞ்சையோடு விளிக்கிறார். அச்சிறுவனுக்கு எவரும் சாதியைப் பற்றிப் பாடம் நடத்தியதில்லை. படர்க்கையில் "அவர்" எவர், "அவன்" எவன் என்பதைத் தாத்தாவின் பேச்சிலிருந்து அவன் இலக்கணம்போலக் கற்றுக்கொண்டான். நன்னூலைப் படிக்க மறுக்கும் பிள்ளைகளும் இந்த இலக்கணத்திற் பிழைவிடுவதில்லை! இக்காட்சி முன்னளவுக்கு இன்று இல்லையெனினும், முற்றாக மறைந்துவிட்டதென்று எவரும் துணிந்து கூறார்.

பேசாதிருப்பதற்கு நாம் கூறும் காரணங்கள் பல. வயதுக்கு மரியாதை என்பது ஒன்று. அதனை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை; முதியோரைச் சபையில் நாணச் செய்வது எமது பண்பாட்டில் இலேசான காரியமன்று. ஆனால் வயதுக்கு மரியாதை என்பது படலையடியில் நிற்கும் எழுபது வயதுக்கும் சேர்த்துத்தானே? உப்பிட்ட வீட்டிலே உபசரித்தவரை எதிர்த்துப் பேசலாகாது என்பது இன்னொன்று. இவற்றையெல்லாம்விட அடிக்கடி கேட்பது, "சொல்லி என்ன பயன்? அவர் இனித் திருந்தப் போகிறாரோ?" என்பதே.

இந்தக் கடைசிக் காரணந்தான் மிகவும் அறிவார்ந்ததாகத் தோன்றுவது; மிகவும் பிழையானதும் அதுவே. சொன்னவர் திருந்துவாரா என்பதை மட்டும் அளவாகக் கொண்டால், நாம் வாய் திறக்க வேண்டிய சந்தர்ப்பம் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோதான் வரும். அச்சொல் விழுந்த இடத்தில் அவரும் நாமும் மாத்திரமா இருந்தோம்? கதவு நிலையிற் சாய்ந்துகொண்டு நின்ற சிறுமி இருந்தாள். தேநீர்த் தட்டோடு வந்த பெண் இருந்தாள். தன் வளவு எந்தப் பக்கத்தது என்பதைச் சொல்லாமலே பழகிவரும் ஒரு நண்பனும் அங்கே இருந்திருக்கலாம். அவர்கள் பெரியவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவரை அவர்கள் முன்னமே அறிவர். அவர்கள் பார்ப்பது மற்றவர்களின் முகத்தை. எத்தனை பேர் சிரித்தனர், எவர் சிரிக்கவில்லை என்று அவர்கள் மனத்துக்குள் எண்ணுகிறார்கள். மௌனம் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் சேர்க்கப்படும் என்பதை மௌனமாயிருந்தவர் தீர்மானிக்க முடியாது.

திருவள்ளுவர் நட்பு என்ற அதிகாரத்திலே, நண்பர் கூடுவது சிரித்து மகிழ்வதற்காக அன்று, எல்லை கடக்கும்போது முன்சென்று இடித்துரைப்பதற்காகவே என்கிறார். சிரிப்பையும் இடித்துரைத்தலையும் அவர் எதிரெதிரே நிறுத்தியமை கவனிக்கத்தக்கது. பகிடியாக வரும் இழிசொல் எம்மிடம் கேட்பது சம்மதத்தை அன்று, சிரிப்பையே. சிரித்துவிட்டால் சம்மதம் தானே வந்து சேர்ந்துவிடும்.

விறாந்தையைவிடப் பெரிய இடம் ஒன்று உண்டு. அது ஆசிரியர் அறை. இப்பக்கங்களை வாசிப்போரிற் பலர் ஆசிரியர்களாதலால் இதனைச் சற்று விரித்துச் சொல்வது தகும். இடைவேளையில் ஒரு மாணவனின் பெயர் அடிபடுகிறது. "கெட்டிக்காரன்தான், எண்டாலும் அவங்கட புத்தி எங்கை போகும்?" என்கிறார் ஒருவர். மற்றவர்கள் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருக்கின்றனர். கலியாண வீட்டில் விழுந்த சொல் காற்றோடு போகலாம். இங்கே விழுந்த சொல் போவதில்லை. அது தவணை அறிக்கைக்குள் நுழைகிறது. மாணவர் தலைவனைத் தெரிவு செய்யும் நாளில் அது எழுந்து நிற்கிறது. தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும்போது அரச வேடம் எவருக்கு, வாயிற்காவலன் வேடம் எவருக்கு என்பதை அது தீர்மானிக்கிறது. அந்த மாணவன் அறைக்குள் இல்லை. தனக்காகப் பேச அவனால் முடியாது. ஆகவே விறாந்தையிற் பேசாதிருப்பதற்குத் தயக்கத்தோடேனும் நியாயம் கற்பிக்கலாம். ஆசிரியர் அறையிற் பேசாதிருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தோன்றவில்லை.

இனி, பேசாதிருப்பதே தக்கது என்னும் சந்தர்ப்பமும் உண்டு. இழிவுபடுத்தப்பட்டவர் அதே சபையில் இருக்கிறார். சாதுரியமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேளாதவர்போல வேறொருவருடன் பேச்சைத் தொடர்கிறார். அப்போது நாம் எழுந்து வீர உரை நிகழ்த்தினால், அவர் மறைத்து வைத்த காயத்தைச் சபையின் நடுவே திறந்து காட்டியவர்களாவோம். அவருடைய மானத்தைக் காப்பதாக எண்ணி எமது பெருந்தன்மைக்கு விளக்கேற்றுவோரும் உளர். சீர்திருத்தம் பேசும் கூட்டத்திலும் இவர்களைக் காணலாம். அத்தகைய வேளையில் அவரருகே போய் அமர்வதும், பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்காருவதும், சொன்னவரைப் பிறகு தனியே கண்டு பேசுவதும் நன்று. செத்த வீட்டிலும் அவ்வாறே. அங்கே அன்று பேசாவிட்டாலும் எட்டு முடிந்தபின் பேசலாம்.

இலக்கிய உலகத்திலும் இப்படி ஒரு சொல் சபையில் விழுந்ததுண்டு. 1960களின் தொடக்கத்திலே, பேச்சுத் தமிழைச் சிறுகதையிலும் நாவலிலும் கையாண்ட ஈழத்து எழுத்தாளரை நோக்கி, அது "இழிசனர் வழக்கு" என்று மரபுவாதிகள் சிலர் கூறினர். இழிசினன் என்ற சொல் புறநானூற்றிலேயே உண்டு. பண்டிதர்க்கு அது புதிதன்று. கேட்பதற்கு இலக்கணக் குற்றச்சாட்டுப் போலவே இருந்தது. ஆனால் எவருடைய பேச்சு இழிந்தது என்ற கேள்வியைக் கேட்டவுடன், இலக்கணத் திரை விலகி மனிதர் தெரியத் தொடங்கினர். கைலாசபதியும் சிவத்தம்பியும் அவர்களோடு சேர்ந்தோரும் வாளாவிருக்கவில்லை. அன்று எழுந்த விவாதம் மரபுப் போராட்டம் என்றே வழங்கலாயிற்று. கே. டானியல் எழுதி 1972இல் வெளிவந்த 'பஞ்சமர்' நாவலிலும், டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யின் பக்கங்களிலும் அந்த "இழிந்த" வழக்கே நிமிர்ந்து நடந்தது. அன்று நிலவிய பண்டிதப் பெருமைக்கு முன் ஒருவரும் வாய் திறவாதிருந்திருந்தால், நாம் இழந்திருக்கக்கூடியது கொஞ்சமன்று.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்தவர்கள் வாயிலிருந்தே வரும் இன்னொரு சொல்லையும் இங்கே கூறாமல் விட முடியாது. மலையக மக்களைத் "தோட்டக்காட்டான்" என்பது அது. 1823 முதற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைத்து இந்நாட்டின் வருவாயைத் தாங்கிய மக்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டின் சட்டத்தினாற் குடியுரிமை இழந்தவர்களும் அவர்களே. பெரும்பான்மையினர் எம்மைப் பற்றிக் கூறும் ஒரு வார்த்தைக்காகக் கொதிக்கும் நாக்கு, இச்சொல்லைச் சொல்லும்போது சற்றும் சுடுவதில்லை என்பது விசித்திரந்தான்.

எப்படிப் பேசுவது என்பதில் எனக்குத் தெரிந்த நல்ல வழி, கோபத்தைவிடக் கேள்வி. பகிடி சொன்னவரிடம், "ஐயா, எனக்கு விளங்கவில்லை, ஏன் அப்படிச் சொல்லுறியள்?" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். விளக்கிச் சொல்ல வேண்டி வந்தவுடன் பகிடி இறந்துவிடும். சொல்ல வந்ததைச் சாதிப் பெயரோடு விரித்துரைக்க எவருக்கும் நா எழுவதில்லை. "அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னது" என்று பின்வாங்குவர். இன்னும் எளிய வழியொன்றும் உண்டு. தேங்காய் பறிக்க வருபவரைப் பற்றி வீட்டுக்காரர் "அவன் இன்னும் வரேல்லையே?" என்று கேட்க, அவ்வீட்டு மருமகள், "ஓம் மாமா, அவர் பத்து மணிக்குத்தான் வருவாராம்" என்று மறுமொழி சொல்லக் கேட்டிருக்கிறேன். மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுநாளும் அவர் "அவன்" என்றே கேட்டார். அவள் "அவர்" என்றே சொன்னாள். மூன்றாம் நாள் மாமனார், "தேங்காய் பறிக்கிற ஆள் வந்தாச்சோ?" என்று கேட்டார்.