கால் கிலோ ட்ரோன், முழுக் கவனம்

2025 ஜனவரி 9. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருகே பாலிசேட்ஸ் மலைப்பகுதி எரிந்துகொண்டிருந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த ‘சூப்பர் ஸ்கூப்பர்’ விமானம் தண்ணீரை அள்ளிவந்து தீயின்மேல் கொட்டிக்கொண்டிருந்தபோது, அதன் இடது இறக்கையில் ஒரு சிறிய ட்ரோன் மோதியது. இறக்கையில் 3 அங்குலத்துக்கு 6 அங்குல அளவில் ஓட்டை விழுந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால், ஊரே அதை நம்பியிருந்த நேரத்தில், பழுது நீங்கும்வரை பறக்க முடியாமல் நின்றது.

ட்ரோனை இயக்கியவர் சான்ட்டா மோனிக்காவில் ஓர் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் உச்சியில் நின்றபடி, தீயால் எவ்வளவு சேதம் என்று பார்ப்பதற்காக அதை அனுப்பியிருந்தார். ட்ரோன் 2,500 மீட்டருக்கு மேல் போய்விட்டது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. அந்த வான்பரப்பில் அப்போது ட்ரோன்களுக்குத் தடையும் இருந்தது. விமானத்தை இடிக்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. புதிதாக ட்ரோன் வாங்கும் யாருக்கும் வரக்கூடிய ஆர்வம்தான் அது.

250 கிராம் என்ற கோடு

கடைகளில் ‘தொடக்கநிலை ட்ரோன்’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 250 கிராமுக்குள் இருக்கும். இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2015 நவம்பரில் அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்துக்கு ஒரு பணிக்குழு அறிக்கை தந்தது. 80 ஜூல் ஆற்றலுடன் ஒரு பொருள் மனிதர் தலையில் விழுந்தால் உயிர் போக 30 சதவீத வாய்ப்பு உண்டு என்று அக்குழு எடுத்துக்கொண்டது. மேலிருந்து விழும் சிறிய ட்ரோன் வினாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தை எட்டலாம். அந்த வேகத்தில் 80 ஜூலைத் தாண்டாத எடை ஏறத்தாழ 250 கிராம்.

ஆக, இது தலையில் விழும் ட்ரோனுக்கான கணக்கு மட்டுமே. சுழலும் விசிறி குழந்தையின் கண்ணில் படுவதையோ, பறக்கும் விமானத்தில் மோதுவதையோ இந்தக் கோடு தடுக்காது.

தயாரிப்பாளர்களும் இந்த எண்ணைக் குறிவைத்தே ட்ரோன் செய்கிறார்கள். 2019இல் வந்த டிஜேஐ மாவிக் மினியின் எடை 249 கிராம். ஜப்பானில் அன்றைய வரம்பு 200 கிராம் என்பதால், சிறிய பேட்டரி வைத்து 199 கிராமில் அதே ட்ரோனை அங்கே விற்றார்கள். பறக்கும் நேரம் 30 நிமிடத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 2022 ஜூனில் ஜப்பான் தன் வரம்பை 100 கிராமாக இறக்கிவிட்டது.

இந்தியாவில் என்ன விதி?

2021 ஆகஸ்ட் 25இல் வெளியான ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரை ‘நானோ’. அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. நானோ ட்ரோனை இயக்க பைலட் சான்றிதழ் வேண்டாம். வகைச் சான்றும் மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. ஆனால் பெரிய பேட்டரியோ விசிறிக் காப்பு வளையமோ மாட்டினால் 249 கிராம் ட்ரோன் மைக்ரோ வகைக்குத் தாவிவிடும். எனவே, பறக்கும் நிலையில் முழு ட்ரோனையும் தராசில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

எங்கே பறக்கவிடலாம் என்பதில் நானோவுக்குச் சலுகை கிடையாது. மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணைய வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமாக இருந்தால் 400 அடி வரை அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் அந்த உயரம் 200 அடிதான். மஞ்சள் மண்டலத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். சென்னையில் இருப்பவர் மீனம்பாக்கத்தையும் தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் வரைபடத்தில் பார்க்காமல் மொட்டைமாடியிலிருந்து கிளப்பிவிடக் கூடாது. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ட்ரோன் வாங்கிவரச் சொல்வதும் சிக்கல்தான். 2022 பிப்ரவரி 9 முதல், ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சித் தேவைகள் தவிர மற்றவற்றுக்கு ட்ரோன் இறக்குமதி தடை செய்யப்பட்டிருக்கிறது.

எப்போது தடுமாறும்?

கையை எடுத்தாலும் அந்தரத்தில் அசையாமல் நிற்பதுதான் இன்றைய ட்ரோனின் வசீகரம். சாய்வை உணரும் கருவிகள், உயரம் காட்டும் காற்றழுத்தமானி, திசைகாட்டி, ஜிபிஎஸ், தரையைப் பார்க்கும் கேமரா எல்லாம் சேர்ந்து, நான்கு மோட்டார்களின் வேகத்தை நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருப்பதால் இது முடிகிறது. இவற்றில் ஒன்று ஏமாந்தாலும் ட்ரோன் நழுவத் தொடங்கும். கான்கிரீட் தளத்தின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி திசைகாட்டியைக் குழப்பும். குளத்துக்கு மேலே தாழப் பறந்தால் அலையும் மினுமினுப்பும் கீழ்க்கேமராவைக் குழப்பும். வீட்டுக்குள் ஜிபிஎஸ் எட்டாது.

சிக்னல் அறுந்தாலோ பேட்டரி தீரும் நிலைக்கு வந்தாலோ தானாகத் திரும்பிவரும் வசதியைப் பலர் முழுதாக நம்பிவிடுகிறார்கள். ஜிபிஎஸ் நன்றாகக் கிடைத்த பிறகுதான் ட்ரோன் தன் ‘வீட்டுப் புள்ளி’யைக் குறித்துக்கொள்ளும். அவசரப்பட்டுக் கிளப்பினால் வேறோர் இடம் வீடாகப் பதிவாகலாம். திரும்பும்போது அது நாம் அமைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வரும். மாவிக் மினி, மினி 2 போன்ற மாடல்களில் முன்பக்கத் தடையை உணரும் கருவி இல்லை. தென்னை 20 மீட்டரைத் தாண்டும். செல்போன் கோபுரம் அதைவிட உயரம். சுற்றிலும் இருப்பதில் எது உயரமோ அதற்கு மேலே திரும்பும் உயரத்தை அமைக்க வேண்டும்.

எடை குறைந்த ட்ரோனுக்குப் பெரிய எதிரி காற்று. மாவிக் மினி தாங்கும் வேகம் வினாடிக்கு 8 மீட்டர். மணிக்கு 29 கிலோமீட்டர்கூட இல்லை. ஆடிக்காற்று சாதாரணமாக அதைத் தாண்டும். தரையில் இலை அசையாதபோதும் 60 மீட்டர் உயரத்தில் காற்று வலுவாக இருக்கக்கூடும். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். பேட்டரி குறைந்து திரும்பும் நேரத்தில் காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். காற்றோடு போனவர் எதிர்க்காற்றில் திரும்ப முடியாமல் ட்ரோனை யாரோ ஒருவரின் வயலில் தேட வேண்டியிருக்கும்.

பேட்டரியில் 30 சதவீதம் இருக்கும்போதே இறக்கிவிடுவது நல்லது. உப்பிய லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவரக் கூடாது. பல நாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். விமானப் பயணத்தில் உதிரி பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே போகலாம்.

முதல் நாட்கள்

ஆளில்லாத திறந்த மைதானம், காலை நேரம், மின்கம்பி இல்லாத இடம். விசிறிகளைக் குறி பார்த்து மாட்ட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அவை எதிரெதிராகச் சுழல்வதால், இடம் மாறினால் ட்ரோன் எழும்போதே குப்புறக் கவிழும். முதலில் தலை உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்குகளும் என்ன செய்கின்றன என்று பழக வேண்டும்.

பெரும்பாலான புதியவர்கள் மோதுவது ட்ரோனின் முகம் தம்மைப் பார்த்துத் திரும்பும்போதுதான். அப்போது இடமும் வலமும் மாறிவிடும். பதற்றத்தில் கை தவறான பக்கம் தள்ளும். இதற்குப் பயிற்சி, ஆர்டிஓ மைதானத்தில் இருசக்கர வாகன உரிமத்துக்குப் போடும் அதே எட்டு. இரண்டு செருப்புகளைத் தள்ளித்தள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி மெதுவாக எட்டுப் போட வேண்டும். ட்ரோன் எதிரே வரும்போதும் கை தடுமாறாத அளவுக்கு அது பழகிய பிறகு, கேமராவை இயக்கிப் படமெடுக்கத் தொடங்கலாம். அப்போதும் ஒருவர் கூடவே நின்று ட்ரோனையே பார்த்துக்கொண்டிருந்தால், இயக்குபவர் திரையைப் பார்க்கும் சில நொடிகளிலும் அது யாராவது ஒருவரின் கண்பார்வையில் இருக்கும்.