மடிக்கணினி காட்டும் "மீதி நேரம்" ஏன் பொய்யாகிறது?

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நம்ம திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான். அந்தக் காலத்து மடிக்கணினி ஒன்று இன்னும் உங்க வீட்டில் ஓடினால், "2 மணி நேரம் மீதி"ன்னு காட்டிட்டு 20 நிமிஷத்தில் அணைஞ்சு போவதைப் பார்த்திருப்பீங்க. கரண்ட் போன ராத்திரியில், சேமிக்காத ப்ராஜெக்ட்டோடு அது நடந்தால் பெரிய நஷ்டம்.

அந்த நேரம் வெறும் வகுத்தல் கணக்கு. பேட்டரியில் மீதி 30 வாட்-மணி, இப்போ இழுப்பது 10 வாட் என்றால் 3 மணி நேரம். வீடியோ போட்டு இழுவை 20 வாட் ஆனால் ஒன்றரை மணி. இந்தக் குதிப்பு கோளாறே இல்லை. ஆப்பிள் 2016 டிசம்பரில் மேக்ஓஎஸ் 10.12.2-இல் மெனுவிலிருந்து நேரத்தையே எடுத்துவிட்டது. எனக்கென்னவோ அது தப்பித்தல் மாதிரிதான் தெரியுது.

சதவீதமே பொய் சொன்னால் விஷயம் வேற. 40-இல் இருந்து பொசுக்குன்னு அணைஞ்சா, ஒன்று பேட்டரிக்குள் இருக்கும் சில்லு முழுக் கொள்ளளவைத் தப்பாகக் கணித்திருக்கு, இல்லைன்னா செல் தேய்ந்திருக்கு. லினக்ஸில் யுபவர், விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் இரண்டுமே புதுசில் இருந்த கொள்ளளவையும் இப்போதையதையும் காட்டும், ஒப்பிட்டுப் பாருங்க.

முழுசா சார்ஜ் ஏற்றி, தானா அணையும்வரை ஓடவிட்டு, மறுபடி முழுசா ஏற்றினால் சில்லு திருத்திக்கொள்ளும். அடிக்கடி செய்யாதீங்க, லித்தியம் செல்லுக்கு ஆகாது. தேய்ந்த கொள்ளளவும் திரும்பி வராது. அப்புறமும் 40-இல் அணைஞ்சால், புது பேட்டரி வாங்கும்வரை ஹைபர்னேட் ஆகும் அளவை 50-க்கு ஏற்றி வைங்க.