கையில் கடிகாரத்துடன் ஓடிய மனிதர்



ஓட்டப் போட்டியில் ஓடுகின்ற ஒருவர் எதைப் பார்ப்பார்? முன்னால் ஓடுபவரின் முதுகைப் பார்ப்பார். பின்னால் நெருங்கி வருபவர் யாரென்று இடையிடையே திரும்பிப் பார்ப்பார். ஆனால் இவ்விரண்டையும் விட்டுவிட்டு, தமது உள்ளங்கையில் இருந்த நிறுத்தற் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடிய ஒருவர் இருந்தார். அவர்தான் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த பாவோ நூர்மி. 1920, 1924, 1928 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் 9 தங்கப் பதக்கங்களையும் 3 வெள்ளிப் பதக்கங்களையும் வென்று, நெடுந்தூர ஓட்டத்தில் தனிப்பெரும் பெயர் பெற்றவர்.

"ஓட்ட வீரர் ஒருவரின் கதை அடுப்படியில் நிற்கும் எமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்த மனிதரின் கதை வறுமைப்பட்ட ஒரு தாயின் வீட்டில் ஆரம்பமாகிறது. பின்னர் அவர் தாமே அமைத்த குடும்பத்தின் முறிவையும் அது தொட்டுச் செல்கிறது. ஆகவே பிள்ளை வளர்க்கின்ற எவரும் கேட்க வேண்டிய கதை இது.

ஓர் அறையில் ஒரு குடும்பம்

1897 ஜூன் 13ஆம் திகதி, துர்க்கு என்ற துறைமுக நகரில் நூர்மி பிறந்தார். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. தந்தை ஒரு தச்சுத் தொழிலாளி. 1910ஆம் ஆண்டு அவர் இறந்துபோக, இளம் பிள்ளைகளுடன் தாய் தனித்து நின்றார். செலவுக்குப் போதாமல், வீட்டின் சமையலறையை வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு, மீதமிருந்த ஒரே அறையில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

படிப்பில் கெட்டிக்காரனாக இருந்த சிறுவன் பாவோ பாடசாலையை விட்டு விலகி, ஒரு பேக்கரியில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். பாரமேற்றிய வண்டியை அந்நகரின் செங்குத்தான வீதிகளில் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். தமது கால்களுக்கும் முதுகுக்கும் உரமேற்றியது அந்த வண்டிதான் என்று பிற்காலத்தில் அவரே கூறினார். துன்பமாக வந்த வேலை பயிற்சியாகவும் அமைந்துவிட்டது.

1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் பின்லாந்து வீரர் ஹன்னஸ் கொலெஹ்மைனென் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். சொந்த நாட்டுக்குச் சுதந்திரம் இல்லாத காலத்தில் கிடைத்த வெற்றி அது. பதினைந்து வயது பாவோவின் உள்ளத்தில் அது தீயாகப் பற்றிக்கொண்டது.

தோல்வி கற்றுத் தந்தது

1920இல் அன்ட்வேர்ப் நகரில் நூர்மி தமது முதலாவது ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஓடினார். 5,000 மீற்றர் ஓட்டம். பிரான்ஸ் நாட்டின் ஜோசப் கில்லமோ அவரை முந்திச் சென்று வென்றார். மனமுடைந்து போகவில்லை நூர்மி. அதே ஒலிம்பிக்கில் 10,000 மீற்றரில் அதே கில்லமோவை வென்றார். அங்கிருந்து மூன்று தங்கங்களுடனும் ஒரு வெள்ளியுடனும் நாடு திரும்பினார்.

அக்காலத்து ஓட்ட வீரர்கள் பலர் ஆரம்பத்தில் பாய்ந்து ஓடி, இறுதியில் மூச்சுத் திணறிப் பின்தங்குவார்கள். நூர்மி அப்படிச் செய்யவில்லை. ஒரு சுற்றை எத்தனை விநாடியில் ஓட வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, ஒவ்வொரு சுற்றையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடினார். கையிலிருந்த கடிகாரம் அதற்காகத்தான். மற்றவர் வேகமாகப் போனால் போகட்டும். தாம் வகுத்த அளவில் தாம் போகிறோமா என்பதே அவருடைய கவலை.

இதன் பலன் 1924 ஜூலை 10ஆம் திகதி பாரிஸ் நகரில் தெரிந்தது. அன்று 1,500 மீற்றர், 5,000 மீற்றர் ஆகிய இரண்டின் இறுதிப் போட்டிகளும் இரண்டு மணித்தியாலத்துக்குள் நடைபெற்றன. இரண்டிலும் அவர் ஓடினார். முதலாவது ஓட்டத்தில் கடைசிக் கட்டம் வந்ததும் கடிகாரத்தைப் புல்தரையில் எறிந்துவிட்டு ஓடி வென்றார்.

இரண்டாவது ஓட்டத்தில், அவர் களைத்திருப்பார் என்று எண்ணிய போட்டியாளர்கள் ஆரம்பத்திலேயே வேகத்தைக் கூட்டினர். நூர்மி பதறவில்லை, தமது வேகத்தை மாற்றவுமில்லை. சிறிது சிறிதாக இடைவெளியைக் குறைத்து அவர்களை எட்டிப் பிடித்தார். தம் நாட்டவரான வில்லே ரிட்டோலாவை 0.2 விநாடி வித்தியாசத்தில் வென்றார். இரண்டு நாட்கள் கழித்துக் கடும் வெயிலில் நடந்த நாடுகடந்த ஓட்டத்தில் 38 பேர் புறப்பட்டு 15 பேரே முடித்தார்கள். அதிலும் முதலாவதாக வந்தவர் நூர்மிதான். அந்த ஒலிம்பிக்கில் நான்கு நாட்களுக்குள் ஐந்து தங்கப் பதக்கங்கள்!

நமது வீட்டுக் கணக்கு

சகோதரிகளே! இதை நமது வீட்டோடு சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். தவணைப் பரீட்சை முடிந்து பிள்ளை புள்ளிகளுடன் வருகிறது. நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "மாமிட மகளுக்கு எத்தனை? பக்கத்து வீட்டுப் பொடியன் எத்தனை எடுத்தான்?" புலமைப்பரிசில் பரீட்சைக் காலத்தில் இந்தக் கேள்வி எத்தனை பிஞ்சு உள்ளங்களை வாட்டுகிறது என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்கள் நன்கறிவர்.

சென்ற தவணை 48 புள்ளி எடுத்த பிள்ளை இந்தத் தவணை 57 எடுத்திருந்தால், அது ஓடி வந்திருக்கும் தூரம் சிறியதல்ல. அயல் வீட்டுப் பிள்ளையின் 90ஐ அதன் முன் வைத்தால் அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடப் பழகிய பிள்ளைக்குப் பொறாமையும் குறையும், பயமும் குறையும். நூர்மியிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

எடுக்கக் கூடாததும் உண்டு

ஆனால் ஒருவரை வியப்பது என்றால் அவரிடமுள்ள அனைத்தையும் ஏற்பதல்ல. நூர்மி சிரிப்பதும் அரிது, பேசுவதும் அரிது. 1932இல் அவர் திருமணம் செய்தார். ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பச்சைக் குழந்தையையும் ஓட்ட வீரனாக்க வேண்டும் என்று தந்தை நினைத்தார். தாய் அதை எதிர்த்தார். கணவரின் சிந்தை முழுவதும் ஓட்டத்திலேயே இருந்ததுதான் தம்மை விவாகரத்துக்குத் தள்ளியது என்று அந்தப் பெண்மணி பத்திரிகையாளரிடம் கூறினார். 1935இல் அத்திருமணம் முறிந்தது.

தன் கையில் வைத்திருந்தவரை அந்தக் கடிகாரம் அவரை உயர்த்தியது. தொட்டிலில் கிடந்த பிள்ளையின் பக்கம் அதைத் திருப்பியபோது வீடு தாங்கவில்லை. நாம் அடைய முடியாத பட்டத்தையும் பதவியையும் நம் பிள்ளைகள் மேல் சுமத்துகின்ற பெற்றோராகிய நமக்கும் இதில் எச்சரிக்கை உண்டு.

இறுதிக் காலம்

1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மரதன் ஓட விரும்பிச் சென்ற நூர்மி, போட்டிகளில் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டின் பேரில் தடுக்கப்பட்டார். அந்த மனக்காயம் நெடுநாள் இருந்தது. பின்னர் வியாபாரத்திலும் கட்டிடத் தொழிலிலும் ஈடுபட்டுச் செல்வந்தரானார். 1940இல், போரினால் பாதிக்கப்பட்ட தம் நாட்டு மக்களுக்கு நிதி திரட்டுவதற்காக அமெரிக்காவெங்கும் பயணம் செய்தார்.

1952இல் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் ஆரம்பமானபோது, தீபத்தை ஏந்தி அரங்கினுள் ஓடி வந்தவர் யாரென்று தெரிந்ததும் மக்கள் ஆர்ப்பரித்தனர். அணிவகுத்து நின்ற வீரர்கள் வரிசையைக் குலைத்துக்கொண்டு அவரைப் பார்க்க ஓடினார்கள். அப்போது அவருக்கு வயது 55.

முதுமையில் இதய நோய் அவரை வாட்டியது. 1968இல் தமது செல்வத்திலிருந்து ஒரு நிதியத்தை நிறுவி, இதய நோய் ஆராய்ச்சிக்கு வழிசெய்தார். 1973 ஒக்டோபர் 2ஆம் திகதி காலமானார்.

சகோதரிகளே! அடுத்த தவணை அறிக்கையைப் பிள்ளை உங்கள் கையில் தரும்போது, ஒரு காரியம் செய்யுங்கள். சென்ற தவணை அறிக்கையையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடியிருந்தால் அதைப் பிள்ளையிடம் வாய் திறந்து சொல்லுங்கள். குறைந்திருந்தால் ஏன் என்று அன்போடு விசாரியுங்கள். அடுத்த வீட்டு அறிக்கை அடுத்த வீட்டிலேயே இருக்கட்டும்.